பிஸ்தாரை, பிஸ்தாரை: கோரேபானி மலைப்பாதையில் ஐந்து நாள்

மார்ச் 24, 2019, ஞாயிறு: திக்கேதுங்கா

நயாபுல்லில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டவர்கள் சீருடை போட்ட பள்ளிப் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமையில் பள்ளிக்கூடமா என்று தங்கை கேட்டாள். நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமைதான். ஞாயிறு வேலை நாள். அதிலும் இது ஆண்டுத் தேர்வு நேரம். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் பரீட்சை அட்டை. தேநீர்க் கடைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் சைத்ர மாதம் 10 என்று போட்டிருந்தது. ஊரில் எங்கள் வீட்டு நாட்காட்டியில் இன்று பங்குனி 10. மாதத்தின் பெயர் வேறு, தேதி ஒன்று. ஆண்டு மட்டும் அவர்களுக்கு 2075. வந்த இடத்தில் ஏதோ ஒன்று நம் கணக்கோடு ஒத்துப்போகிறது என்பதே எனக்குத் தெம்பாக இருந்தது.

நாங்கள் அக்கா தங்கை இருவர். எனக்கு 53, அவளுக்கு 48. அம்மா இறந்து ஒரு வருடம் முடிந்திருக்கிறது. துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு மலை ஏறக் கூடாது என்பது திருநெல்வேலிப் பக்கத்தில் எங்கள் குடும்ப வழக்கம். திவசம் முடிந்த மறுநாள் தங்கைதான் கேட்டாள்: "இனி ஏறலாம் இல்லையா அக்கா?" குற்றாலத்தையோ பொதிகையையோதான் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் மனத்தில் இமயமலை இருந்திருக்கிறது.

சுமை தூக்க ஒரு தம்பியைப் போக்ராவிலேயே பேசி வைத்திருந்தோம். மகர் இனத்தவர், வயது இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. நாளுக்கு 1,800 நேபாள ரூபாய். நம் ஒரு ரூபாய்க்கு அவர்களின் 1.60 ரூபாய் என்பதால் 1,125 ஆகிறது. எங்கள் இரண்டு பைகளையும் ஒன்றாக வைத்துக் கயிற்றால் கட்டி, அகலமான பட்டையை நெற்றியில் மாட்டி எழுந்துவிட்டார். அந்தப் பட்டைக்கு நாம்லோ என்று பெயர். சுமை முதுகில் இருந்தாலும் அதைத் தாங்குவது தலையும் கழுத்தும்தான்.

என்னை 'தீதி' என்றார். அக்கா என்று பொருள். தங்கையையும் தீதி என்றே அழைத்தார், அவரைவிட மூத்தவள்தானே. அவளை நான் எப்படி அழைக்க வேண்டும் என்று விளையாட்டாகக் கேட்டபோது 'பஹினி' என்று சொல்லிக்கொடுத்தார். இந்தியில் 'பாய்' என்றால் அண்ணனா தம்பியா என்று தெரியாது. நேபாளியில் அண்ணன் 'தாய்', தம்பி 'பாய்'. தமிழைப் போலவே மூத்தவர் இளையவர் தெரியாமல் உறவுச் சொல்லே வாயில் வராது. அதனால் அவரைத் தம்பி என்று எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை.

பிரேதாந்தியில் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதியின் சோதனைச் சாவடி. சார்க் நாட்டவருக்கு அனுமதிக் கட்டணம் 1,000 நேபாள ரூபாய், மற்ற நாட்டவருக்கு 3,000. பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டு வெளியே வந்து, "இன்று எத்தனை கிலோமீட்டர்?" என்று தம்பியிடம் இந்தியில் கேட்டேன். அவர் யோசித்தார். பிறகு வலது கையைப் படுக்கையாக நீட்டி, மெல்ல உயர்த்தி, ஓர் இடத்தில் கொஞ்சம் தாழ்த்தி, மறுபடியும் உயர்த்தினார். "தேர்ஸோ, தேர்ஸோ, அலிகதி உக்காலோ, அலிகதி ஓராலோ, பிறகு உக்காலோ."

தேர்ஸோ என்றால் மலைச் சரிவை ஒட்டிச் செல்லும் மட்டமான பாதை. உக்காலோ ஏற்றம். ஓராலோ இறக்கம். அலிகதி என்றால் கொஞ்சம். கிலோமீட்டர் தெரியாமல் அவர் அப்படிச் சொல்லவில்லை. கேட்டால் ஒப்புக்கு ஓர் எண்ணைச் சொல்லியிருப்பார். இங்கே ஒரு கிலோமீட்டரை இருபது நிமிடத்திலும் நடக்கலாம், ஒன்றரை மணி நேரத்திலும் நடக்கலாம். பாதை எப்படி வளைந்து எழும் என்று தெரிந்தால்தான் உடம்புக்குச் சேதி கிடைக்கும்.

திக்கேதுங்கா வரை ஜீப் பாதை இருக்கிறது. ஒவ்வொரு ஜீப்பும் போனபின் புழுதி அடங்க ஐந்து நிமிடம் ஆனது. நடந்துதான் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். வழியில் தேநீர்க் கடை வைத்திருந்த அம்மாள், ஜீப் வந்தபின் இங்கே யாரும் உட்காருவதில்லை என்றார். கோபமில்லாத குரலில்தான் சொன்னார். அவர் மகள் பிரசவத்துக்குப் போனதும் அதே ஜீப்பில்தானாம்.

இரவு தால் பாத். சோறு, கெட்டியான கறுப்பு உளுந்தம்பருப்பு, கடுகுக் கீரை, முள்ளங்கி ஊறுகாய். உளுந்தைத் தோலோடு வேகவைத்துச் சோற்றில் பிசைந்து சாப்பிடும் ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். முதல் கவளத்திலேயே தங்கை என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டு உளுந்தஞ்சோற்றுக்குத் தேங்காயும் பூண்டும் சேரும். இங்கே இஞ்சியும் நெய்யும் தூக்கலாக இருந்தன. விடுதி அம்மாள் கரண்டியோடு பக்கத்திலேயே நின்றார். தட்டில் இடம் தெரிந்தால் சோறு விழும். எப்படி நிறுத்துவது என்று தம்பியைக் கேட்டேன். "புக்யோ" என்று சொல்லச் சொன்னார். போதும் என்று பொருள். அதே சொல்லுக்கு 'வந்து சேர்ந்தாயிற்று' என்றும் பொருளாம். விலை 400 ரூபாய்.

மார்ச் 25, திங்கள்: பன்தாந்தி

இன்று செய்த தவறை முதலில் எழுதிவிடுகிறேன்.

திக்கேதுங்காவைத் தாண்டித் தொங்கு பாலத்தைக் கடந்தால் உல்லேரிப் படிகள் தொடங்குகின்றன. 3,000-க்கும் மேல் என்பது இங்கே எல்லாரும் சொல்லும் கணக்கு. சுமார் 1,500 மீட்டர் உயரத்திலிருந்து 2,000 மீட்டர் வரை, கிட்டத்தட்ட இடைவெளியே இல்லாமல், கல்லாலேயே அடுக்கிய படிகள். எதுவும் ஒரே உயரத்தில் இல்லை. ஒன்று முழங்கால் அளவு, அடுத்தது விரல் அளவு.

காலை ஏழரைக்குத் தொடங்கினோம். பின்னாலிருந்து ஓர் இளைஞர் கூட்டம் சிரித்துப் பேசிக்கொண்டே எங்களைக் கடந்தது. அவர்களுக்கு வழிவிட்டு நின்ற அந்த நொடியில் எனக்குள் ஏதோ ஒரு வீம்பு. அவர்கள் பின்னாலேயே ஏறத் தொடங்கினேன். தங்கையும் வந்தாள். தம்பி கீழேயிருந்து "தீதி, பிஸ்தாரை" என்றார். மெதுவாக என்று பொருள். காதில் விழுந்தது, கேட்கவில்லை. முந்நூறு படிகூட இருக்காது, கண் இருட்டிக்கொண்டு வந்தது. நெஞ்சு அடிப்பது காதில் கேட்டது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, காலையில் சாப்பிட்டதை அப்படியே வாந்தி எடுத்தேன்.

தம்பி வந்து சுமையை இறக்கினார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. தண்ணீரைக் கொடுத்தார், வாய் கொப்பளிக்க மட்டும். குடிப்பதற்குக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். பிறகு எனக்கு இரண்டு படி கீழே, முகத்தைப் பள்ளத்தாக்குப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். நான் வெட்கப்படுவதைப் பார்க்காமல் இருப்பதற்காகவே அப்படி உட்கார்ந்தார் என்பது பிறகுதான் புரிந்தது.

அப்போது ஒரு மூதாட்டி ஏறி வந்தார். எழுபது வயதுக்குக் குறையாது. முதுகில் தோக்கோ என்னும் கூம்புக் கூடை; அதில் மாட்டுக்குத் தழை, தலைக்கு மேல் ஒரு முழம் உயர்ந்து நின்றது. என்னைப் பார்த்ததும் நின்றார், நெற்றிப் பட்டையை இரு கையாலும் பிடித்துக்கொண்டே. தம்பியிடம் ஏதோ கேட்டார். என் பக்கம் திரும்பி, "பிஸ்தாரை, பிஸ்தாரை" என்றார். தொட்டிலில் கிடக்கும் பிள்ளையிடம் பேசும் குரல் அது.

எங்கள் அம்மாவுக்கு 'மெதுவாக' என்ற சொல்லே வராது. பைய என்பார். பைய வா, பையச் சாப்பிடு, கதவைப் பையச் சாத்து. அவசரப்பட்டால் "பையச் சென்றால் வையம் தாங்கும்" என்பார். பள்ளி நாட்களில் அந்தப் பழமொழி எனக்கு எரிச்சலைத்தான் தந்தது. கடைசி ஆறு மாதம் அம்மாவைக் கைப்பிடித்துக் குளியலறைக்கு அழைத்துப்போனபோது அந்தச் சொல்லை நான்தான் அவரிடம் சொன்னேன்: பைய அம்மா, பைய. மூதாட்டி இரண்டு தடவை அடுக்கிச் சொன்னதும் எனக்கு அது தமிழில்தான் கேட்டது. பையப் பைய.

தங்கையும் அதையே நினைத்திருக்கிறாள். அவள் அழுதாள், நான் அழவில்லை.

மூதாட்டிக்குப் பின்னால் நடந்தோம். இனி வேறு எதையும் பார்ப்பதில்லை என்று முடிவு செய்து அவர் கால்களை மட்டும் பார்த்தேன். ரப்பர் செருப்பு, வெடித்த குதிகால். உயரமான படி வந்தால் நேராக ஏறவில்லை, ஓரத்துக்குப் போனார். ஓரத்தில் கல் தேய்ந்தோ, சிறு கல் ஒன்று செருகியோ, பாதி உயரத்தில் ஒரு மிதி இருந்தது. அப்படி ஒரு மிதி இருப்பதே அதுவரை என் கண்ணில் படவில்லை. பாதம் முழுவதையும் பதித்தார், விரல் நுனியில் எம்பவே இல்லை. ஒரு கால் பதிந்து உடல் எடை முழுதும் அதன்மேல் வந்து நின்றபின்தான் மறுகால் எழுந்தது. ஒரு படிக்கு ஒரு மூச்சு. மூச்சு வாங்கினால் நிற்பது என்ற பேச்சே இல்லை, மூச்சு வாங்காத அளவுக்குத்தான் நடை. அதே வேகத்தில் அரை மணி நேரம் போனார். அந்த அரை மணியில் நானும் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

ஒரு சௌத்தாரி வந்தபோதுதான் நின்றார். அரச மரமும் ஆல மரமும் சேர்த்து நட்டு, சுற்றிலும் கல் மேடை கட்டியிருக்கிறார்கள். மேடையின் விளிம்பு இடுப்பு உயரம். சுமைகாரர் குனியவோ பிறர் கைகொடுக்கவோ தேவையில்லாமல், திரும்பி நின்று கூடையின் அடியை மேடையில் அமர்த்திவிடலாம். நம் ஊர்ச் சாலையோரச் சுமைதாங்கிக் கல்லும் இதே கணக்கில் நட்டதுதானே. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது நம் வழக்கம். இங்கேயும் இறந்தவர் பெயரில் சௌத்தாரி கட்டுவார்கள் என்று தம்பி சொன்னார். யாரோ ஒருவர் இறந்த துக்கம், முகம் தெரியாத ஒருவரின் முதுகுக்கு ஓய்வாகிறது. அந்த மேடையில் உட்கார எனக்கு மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் தொட்டுக்கொண்டு நின்றேன்.

மூதாட்டி அங்கிருந்து வேறு பாதையில் பிரிந்தார். பெயர்கூடக் கேட்கவில்லை.

உல்லேரியில் மதியச் சாப்பாடு. மதியத்துக்கு மேல் வானம் கறுத்தது. இரண்டு மணிக்கு ஆலங்கட்டி மழை, சுண்டைக்காய் அளவில். ஓடி ஒதுங்க இடமில்லாமல் ஒரு பாறைச் சரிவின் கீழ் மூவரும் ஒட்டிக்கொண்டு நின்றோம். தம்பி முதலில் எங்கள் பைகளுக்கு நெகிழித் தாள் போர்த்தினார், பிறகுதான் தலையில் துண்டு கட்டினார். கோரேபானி வரை போவதாகத்தான் திட்டம். பன்தாந்தியிலேயே தங்கிவிட்டோம். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

மார்ச் 26, செவ்வாய்: கோரேபானி

குறுகிய நாள், அழகான நாள். காடு முழுக்க லாலிகுராஸ் பூத்திருக்கிறது. நேபாளத்தின் தேசியப் பூ. நீலகிரியில் காட்டுப் பூவரசு என்று சொல்வோமே, அதன் நெருங்கிய சொந்தம். நீலகிரியில் பார்த்தவை முறுக்கிக்கொண்டு நிற்கும் குட்டை மரங்கள். இங்கே அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. நேற்றைய ஆலங்கட்டி பூக்களை உதிர்த்துப் படிகளில் பரப்பியிருந்தது. ஈரக் கல்மேல் ரத்தச் சிவப்பு. மிதிக்காமல் நடக்க வழியில்லை. வழுக்கவும் செய்தது.

எதிரே கோவேறு கழுதைகள், வரிசையாகப் பதினைந்து, கழுத்தில் மணிகளோடு. மணிச் சத்தம் கேட்டதும் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்க வேண்டும், பள்ளத்துப் பக்கம் நின்றுவிடக் கூடாது. இதைத் தம்பி கிளம்பும் முன்பே சொல்லியிருந்தார். அவற்றின் முதுகில் காலி எரிவாயு உருளைகள். மேலே போகும்போது அரிசியும் உருளையும். கீழே வரும்போது காலி. இதைப் பார்த்தபின் விலைப்பட்டியலைப் பற்றி முணுமுணுப்பதை நிறுத்திவிட்டேன். திக்கேதுங்காவில் 70 ரூபாய்க்குக் குடித்த தேநீர் இங்கே 100. தால் பாத் 550. விடுதிக்காரர்களின் குழு சேர்ந்து நிர்ணயித்த விலை என்பதால் எல்லா விடுதியிலும் ஒரே பட்டியல். விலையும் உக்காலோதான் என்று தங்கை சொன்னாள். தம்பி அதை இரண்டு விடுதிக்காரர்களிடம் திரும்பச் சொல்லிச் சிரித்தார்.

கோரேபானி என்றால் குதிரைத் தண்ணீர். போக்ராவிலிருந்து ஜோம்சோம், முஸ்தாங் பக்கம் போகும் பழைய வணிகப் பாதையில் குதிரைகளும் கழுதைகளும் தண்ணீர் குடித்த இடம். திபெத்து உப்பு இறங்கிய வழி, தானியம் ஏறிய வழி. நாங்கள் கைவீசிக்கொண்டு நடப்பதைப் பயணம் என்கிறோம். இதே படியில் உப்பு மூட்டையோடு நடந்தவர்களுக்கு இதற்கு என்ன பெயர் இருந்திருக்கும் என்று வழியெல்லாம் யோசித்தேன்.

தங்கிய விடுதியில் வெந்நீர்க் குளியலுக்கு ஆளுக்கு 200 ரூபாய் முன்பணம் வாங்கினார்கள். எனக்கு இரண்டு குவளை வெந்நீர் வந்தது, பிறகு பனித்தண்ணீர். தலையில் சோப்பு நுரையோடு நின்றேன். கேட்டதற்கு, வெயில் இல்லாததால் சூரியச் சூடேற்றி வேலை செய்யாது என்று பதில். வெயில் இல்லை என்பது பணம் வாங்கும்போதும் தெரிந்ததுதானே. பணத்தைத் திருப்பித் தரவில்லை. இந்த ஐந்து நாளில் மனம் கசந்தது அந்த ஓர் இடத்தில் மட்டும். அடுப்படி அம்மாள் அதைக் கேள்விப்பட்டு, சமையலுக்கு வைத்திருந்த வெந்நீரை ஒரு வாளியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போனார்.

மார்ச் 27, புதன்: தாடாபானி

கோரேபானிக்கு மேலே இருக்கும் பூன் ஹில் குன்றில் சூரியோதயம் பார்க்க நாலரைக்குக் கிளம்புவது என்று பேச்சு. நாலரைக்குச் சரியாகக் கதவைத் திறந்தேன். தம்பி வாசலில் நின்றுகொண்டிருந்தார், கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு. என் கைக்கடிகாரத்தை நான் மாற்றவேயில்லை. நேபாள நேரம் நம் நேரத்தைவிடப் பதினைந்து நிமிடம் முன்னால். அந்தக் குளிரில் கால் மணி நேரம் நின்றிருக்கிறார். ஏன் கதவைத் தட்டவில்லை என்று கேட்டதற்கு, "தீதி தூங்கினால் தூங்கட்டும் என்று" என்றார். உடனே கடிகாரத்தைத் திருத்தினேன். மூன்று நாள் முன்பே செய்திருக்க வேண்டும்.

2,860 மீட்டரிலிருந்து 3,210 மீட்டர். இருட்டில் மலைமேல் கைவிளக்குகளின் வரிசை. எல்லாருக்கும் சூரியன் தப்பிவிடுமோ என்ற பதற்றம். எனக்கு இன்று அது இல்லை. ஓரத்து மிதியைத் தேடினேன், பாதம் பதித்தேன், ஒரு படிக்கு ஒரு மூச்சு. தம்பி இன்று பிஸ்தாரை என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதைக் கவனித்தபோது பரீட்சையில் தேறியதைப் போல இருந்தது.

மேலே வந்து பத்து நிமிடம் கழித்து மேற்கே தௌலகிரியின் உச்சியில் வெளிச்சம் விழுந்தது. 8,167 மீட்டர். செம்பு நிறத்தில் ஒரு பொட்டு. பிறகு நடுவே அன்னபூர்ணா தெற்குச் சிகரம், கிழக்கே மச்சபுச்சிரே. மச்சபுச்சிரே என்றால் மீன்வால். 1957-இல் ஓர் ஆங்கிலேயக் குழு உச்சிக்குச் சற்றுக் கீழேயே நின்று திரும்பிவிட்டது. அதன் பிறகு யாருக்கும் அனுமதி இல்லை. ஏற முடியாததால் விட்ட மலைகள் பல உண்டு. வேண்டாம் என்று விட்ட மலை இது. அதைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். தங்கை என் சால்வைக்குள் வந்து நின்றுகொண்டாள். சின்ன வயதில் மார்கழிக் காலையில் அம்மாவின் முந்தானைக்குள் நாங்கள் நின்றதைப் போல.

இறங்கிக் கஞ்சி குடித்துவிட்டுத் தாடாபானிக்குப் புறப்பட்டோம். சிரமமான வேலையெல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். தம்பி கையை நீட்டிப் பாதையின் வடிவத்தை வரைந்தபோதுதான் தெரிந்தது: மேலே, கீழே, கீழே, கீழே, மறுபடி மேலே. "உக்காலி ஓராலி" என்றார். ஏற்ற இறக்கம் என்று நாமும் இரண்டையும் சேர்த்துத்தானே சொல்கிறோம்.

தேவ்ராலியைத் தாண்டியபின் இறக்கம். ஓடையை ஒட்டிய ஈரப் பாறை, நிழலில் இன்னும் கரையாத பனி. என் இடது முழங்கால் ஒவ்வொரு படிக்கும் குத்தியது. தொடை வெடவெடவென்று நடுங்கியது. ஏறும்போது உடம்பு மூச்சைக் கேட்டது. இறங்கும்போது எலும்பைக் கேட்கிறது. தம்பி மறுபடியும் ஆரம்பித்தார்: "பிஸ்தாரை, தீதி." இறக்கத்துக்குமா என்றேன். இறக்கத்துக்குத்தான் என்றார். ஏற்றத்தில் சுமை பின்னாலிருந்து இழுக்கும், நின்றுகொள்ளலாம். இறக்கத்தில் சுமை முன்னால் தள்ளும், நிற்க விடாது. சுமை தூக்கும் ஆட்கள் அடிபடுவது பெரும்பாலும் ஓராலோவில்தான் என்றார். அவர்களிடம் ஒரு பழமொழி உண்டாம்: இறக்கத்தில் ஓடும் மானைக் கன்றுக்குட்டிகூட விரட்டும். நொடித்துப்போனவரை எளியவரும் ஏய்ப்பார்கள் என்ற பொருளில் சொல்வது. மானுக்கு முன்கால் குட்டை, இறக்கத்தில் ஓடத் தெரியாது என்று அவர் விளக்கம் சொன்னார். அது சரியோ என்னவோ, இன்று அந்த மான் நான்தான்.

நடுவில் ஓர் ஊர்ப் பலகையைப் பார்த்துத் திடுக்கிட்டேன்: பன்தாந்தி. இரண்டு நாள் முன்பு தங்கிய ஊருக்கே சுற்றி வந்துவிட்டோமா? இந்தப் பாதையில் அந்தப் பெயரில் இரண்டு ஊர் உண்டு. பன் என்றால் வனம், தாந்தி என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம். காட்டுச் சத்திரம் என்ற பெயர் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்தானே. அங்கே குந்த்ருக் சாறு குடித்தோம். கீரையைப் புளிக்கவைத்து உலர்த்திய சரக்கு. நான்கு நாளாகப் புளியில்லாமல் தவித்த நாக்கு அந்த முதல் மடக்கில் உயிர் பெற்றது. இன்னும் ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்தேன்.

கடைசியில் ஓர் ஓடை வரை செங்குத்தாக இறங்கி, அதே அளவுக்குச் செங்குத்தாக ஏறி, ஐந்து மணிக்குத் தாடாபானி. தாடாபானி என்றால் தூரத்துத் தண்ணீர். ஊர் வைத்தவர்கள் எவ்வளவு தூரம் குடம் சுமந்தார்களோ. விடுதித் திண்ணையில் உட்கார்ந்து காலணியைக் கழற்றியபோது தம்பி "புக்யோ" என்றார். எந்தப் பொருளில் சொன்னார் என்று கேட்கவில்லை. எனக்கு இரண்டும் சரி.

மார்ச் 28, வியாழன்: காந்த்ருக், போக்ரா

முழுக்க இறக்கம். தம்பி மூங்கில் கழி ஒன்று வெட்டிக் கொடுத்தார். கைபிடிக்கும் இடத்தைக் கல்லில் தேய்த்து வழவழப்பாக்கியும் தந்தார். பதினொரு மணிக்குக் காந்த்ருக். குருங் மக்களின் ஊர். பலகைக் கல் வேய்ந்த கூரைகள், கல் பாவிய முற்றங்கள், ஓரங்களில் சோளக் கதிர்கள் கட்டித் தொங்குகின்றன. அன்னபூர்ணா பாதுகாப்புத் திட்டம் 1986-இல் முதலில் வேர்விட்டது இந்த ஊரில்தான்.

மதியம் சாப்பிட்ட வீட்டின் பெரியவர் இந்திய ராணுவத்தில் கூர்க்காப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். சுத்தமான இந்தி பேசினார். தமிழ்நாடு என்றதும் "மதராஸ்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். உடன் வேலை பார்த்த மதராஸ் படைக்காரர்களோடு கைப்பந்து ஆடியிருக்கிறாராம். முன்பெல்லாம் ஓய்வூதியம் வாங்கப் போக்ராவுக்கு நடந்தே போய்வருவார். இப்போது கிம்சேயிலிருந்து பஸ். என் முழங்காலைப் பார்த்து, "உக்காலோவில் மூச்சைப் பாருங்கள், ஓராலோவில் முழங்காலைப் பாருங்கள்" என்றார். கடுகெண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவரச் சொல்லி மருமகளை அனுப்பினார். அந்தப் பெண் என் எதிரே தரையில் உட்கார்ந்து, தயக்கமே இல்லாமல், என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துத் தேய்த்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு 450 ரூபாய் வாங்கினார்கள். எண்ணெய்க்கு என்று தனியாக நீட்டிய நோட்டைப் பெரியவர் என் கையிலேயே மடித்து வைத்துவிட்டார்.

கிளம்பும்போது வாசல்வரை வந்து, "பிஸ்தாரை ஜானுஸ்" என்றார். மெதுவாகப் போங்கள். நான் முழங்காலை நினைத்து, கவனமாகப் போகிறேன் என்று பதில் சொன்னேன். தம்பி திருத்தினார்: இது வழியனுப்பும் சொல், தீதி. யார் கிளம்பினாலும் சொல்வோம். மட்டமான சாலையில் மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கும் சொல்வோம். போய்வாருங்கள் என்று நாம் சொல்வோமே, அந்த இடத்தில் அவர்கள் வைத்திருக்கும் சொல். உல்லேரிப் படியில் மூதாட்டி சொன்னதில் எவ்வளவு அறிவுரை, எவ்வளவு விடைகொடுத்தல் என்று எனக்கு இப்போது பிரிக்கத் தெரியவில்லை.

கிம்சேயில் பஸ் நின்றது. தம்பி எங்களோடு போக்ராவுக்கு வரவில்லை. காந்த்ருக்கில் வேறொரு குழுவுக்குச் சுமையாள் தேவை என்று மதியமே செய்தி வந்திருந்தது. நாளைக் காலை அங்கிருந்து மேலே, அன்னபூர்ணா அடிவார முகாமுக்கு. ஐந்து நாள் கூலி 9,000 ரூபாய். அதோடு நாங்கள் இருவரும் பேசி வைத்திருந்த தொகையையும் சேர்த்து இரண்டு கையாலும் கொடுத்தேன். அவர் வலது முழங்கையை இடது கையால் தொட்டபடி வாங்கிக்கொண்டார், எண்ணிப் பார்க்கவில்லை. தங்கை, அம்மாவுக்கென்று ஒரு காலத்தில் பின்னிய கம்பளித் தொப்பியைப் பையிலிருந்து எடுத்து அவரிடம் கொடுத்தாள். அதை அவள் கொண்டுவந்திருந்ததே எனக்குத் தெரியாது.

பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தோம். தம்பி காலிக் கயிற்றையும் நெற்றிப் பட்டையையும் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே ஏறத் தொடங்கினார். ஜன்னலைத் தள்ளித் திறந்து, "பிஸ்தாரை ஜானுஸ், பாய்!" என்று கத்தினேன். ஐந்து நாளாக எங்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தவருக்கு அதை யாரும் திருப்பிச் சொல்லவில்லை. தம்பிக்கு அத்தனை மரியாதை வேண்டியதில்லை, 'ஜாவு' என்றாலே போதும் என்று சற்று முன்புதான் சொல்லிக்கொடுத்திருந்தார். நான் பெரியவர்களுக்கு உரிய சொல்லையே சொன்னேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். தலையில் அந்தத் தொப்பி இருந்தது. "ஹஸ், தீதி" என்றார். ஆகட்டும் அக்கா. பிறகு படியின் ஓரத்துக்குப் போய், அங்கே செருகியிருந்த சிறு கல்லில் பாதத்தைப் பதித்து ஏறினார்.